கேள்விக்குறிகளாகும் பெயர்கள்

பழைய கணிப்பொறியிலிருந்து புதியதற்கு மின்னஞ்சல் முகவரிகளை மாற்றுவதைக் கணிப்பொறி பழுதுபார்ப்பவரின் வேலையாகவே பலரும் கருதுகிறார்கள். இலக்கிய அமைப்புகளைப் பொறுத்தவரை அது பதிப்பாசிரியரின் வேலை என்பது நம் கருத்து. ஒரு பிரதியைப் படியெடுக்கும்போது காட்டும் கவனத்தை வாசகரின் பெயரைப் படியெடுக்கும்போதும் காட்ட வேண்டும்.

சி.சு.செல்லப்பா 1959இல் தொடங்கி 1970 வரை நடத்திய 'எழுத்து' முதலாகச் சிற்றிதழ்கள் பலவும் பெயர் தெரிந்த சில நூறு வாசகர்களை நம்பியே வாழ்ந்தன. சோளிங்கர், ஆற்காடு, ஆம்பூர் போன்ற ஊர்களில் வாசகர்கள் தனித்தனியே சிதறியிருப்பதால், அவர்களை ஒன்றாக்குவதே அந்த முகவரிப் பட்டியல்தான். இதே வட்டாரத்தில் தோல் ஏற்றுமதி செய்வோர் அயல்நாட்டுக் கொள்முதலாளரின் முகவரிகளைத் தொழிலின் முதலாகவே மதிப்பார்கள். வாசகர் பட்டியலுக்கு நாம் அந்த மதிப்பைத் தருவதில்லை.

2000களில் நோட்டுப் புத்தகத்திலிருந்த பெயர்கள் அவுட்லுக் எக்ஸ்பிரஸின் முகவரிப் புத்தகத்துக்குள் சென்றன. 2007இல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது அந்தச் செயலி அதில் இடம்பெறவில்லை. எக்ஸ்பிக்கான ஆதரவும் 2014இல் நின்றது. பெயர்களோ பரணில் கிடக்கும் கணிப்பொறிகளில் தங்கிவிட்டன.

அவற்றை எடுக்கும்போது இருவகைச் சேதம் நேர்கிறது. திஸ்கி, டாப் போன்ற குறியேற்றங்களில் தட்டச்சிட்ட பெயர், உரிய எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் பொருளற்ற அந்நிய எழுத்துகளாகத் தெரியும். பார்த்தவுடன் அழித்துவிடத் தோன்றும், அழிக்கலாகாது. உள்ளே எழுத்துகள் அப்படியே இருக்கின்றன. சுரதாவின் 'பொங்குதமிழ்' போன்ற மாற்றிகள் அவற்றை ஒருங்குறிக்குக் கொண்டுவந்துவிடும்.

இரண்டாவது சேதம் கொடியது. விண்டோஸில் தமிழுக்கென ஆன்சி குறிப்பக்கம் இருந்ததில்லை. ஆகவே ஒருங்குறியில் உள்ள தமிழ்ப் பெயர்களை அத்தகைய பழைய குறிப்பக்கம் ஒன்றில் உரைக்கோப்பாகச் சேமித்தால், ஒவ்வொரு குறியும் ஒரு கேள்விக்குறியாகிவிடும். கண்ணனும் செல்வியும் ஆறாறு கேள்விக்குறிகளாகவே நிற்பார்கள். அந்தக் கோப்பிலிருந்து எந்த மாற்றியாலும் அவர்களை மீட்க முடியாது. தமிழக அரசு 1999இல் டாம், டாப் குறியேற்றங்களை ஏற்றது; 2010இல்தான் ஒருங்குறிக்கு வந்தது. இடைப்பட்ட காலத்துப் பட்டியல்களில் இரண்டும் கலந்திருக்கக்கூடும். எனவே மொத்தமாக மாற்றாமல் பெயர் பெயராகப் பார்ப்பதே முறை.

தலைப்பெழுத்தும் நம் தனிச்சிக்கல். முதற்பெயர், குடும்பப்பெயர் என்ற இரு கட்டங்கள் நமக்குப் பொருந்துவதில்லை. தந்தையின் தலைப்பெழுத்து குடும்பப்பெயராகப் பதிவாகி, அகரவரிசையே அதன்படி அமைந்துவிடுகிறது. முழுப்பெயரையும் ஒரே கட்டத்தில், அவர் எழுதும் வடிவிலேயே வைப்பது நன்று.

இப்போது எல்லாம் இணையக் கணக்கிலேயே இருக்கிறதே, இந்தப் பாடு எதற்கு என்று கேட்கலாம். அந்தக் கணக்கு ஒருவருடையது, கடவுச்சொல்லும் அவரிடம்தான். அவர் விலகினாலோ மறைந்தாலோ ஓர் அமைப்பின் கால் நூற்றாண்டுத் தொடர்பும் அவரோடு போய்விடும். ஆகவே ஆண்டுக்கொரு முறை பட்டியலை விகார்டு கோப்பாக எடுத்துப் பொறுப்பாளர் இருவரிடம் வைக்கலாம். 2011இல் வெளியான அதன் நான்காம் பதிப்பு யுடிஎஃப்-8 குறியேற்றத்தைக் கட்டாயமாக்கியது. தமிழ் அதில் சிதையாது. பட்டியலில் இருப்போர் நம்மை நம்பி முகவரி தந்தவர்கள் என்பதால், அந்த இருவருக்கு அப்பால் அது செல்லலாகாது.

மாற்றிய பின் எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டும் போதாது. புதிய கணிப்பொறியில் ஒவ்வொரு பெயரையும் ஒருவர் வாய்விட்டு வாசிக்க, மற்றவர் பழைய பட்டியலோடு ஒப்பிட வேண்டும். அதுவரை பழைய கணிப்பொறியைக் காயலான் கடைக்கு அனுப்ப வேண்டாம்.