டிக்கெட்ல ஒரு பேரு, ஓட்டுறது வேற ஆளா?

புதுச்சத்திரம் சொந்தங்களே!

லாரித் தொழில் தெரியாத வீடு நம்ம பக்கம் இருக்கா? ஒரு கம்பெனி பேர்ல லோடு பிடிச்சு, குறைஞ்ச வாடகைக்கு இன்னொருத்தர்கிட்ட தள்ளிவிட்டா, முதல்ல குறையுறது டிரைவரோட சம்பளமும் தூக்கமும்தான்.

விமானத்திலும் இதே கதைதான். 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ அருகே ஒரு விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். டிக்கெட்டில் இருந்த பெயர் கான்டினென்டல். ஓட்டியது கோல்கன் ஏர் என்ற ஒப்பந்த நிறுவனம். பைலட்டுகளின் களைப்பும் குறைந்த சம்பளமும் விசாரணையில் பேசுபொருளாயின. 2010-ல் கான்டினென்டலும் யுனைடெட்டும் இணைந்தபோது, சின்ன வழித்தடங்களை வெளி நிறுவனங்களுக்குக் கொடுப்பதை பைலட்டுகள் எதிர்த்தார்கள்.

இங்கேயும் பாருங்க. 2007-ல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் இணைந்தன. கம்பெனி ஒன்று, சம்பளம் இரண்டு! 2011-ல் பைலட்டுகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள்.

2022-ல் ஏர் இந்தியா டாடாவுக்குப் போனது. சின்ன ஊர்களுக்குப் பறக்கும் அலையன்ஸ் ஏர் மட்டும் ஒன்றிய அரசிடமே நின்றது. 2023 அக்டோபரில் நம்ம சேலம் விமான நிலையத்துக்கு மறுபடி உயிர் கொடுத்ததில் அதற்கும் பங்கு உண்டு.

"ஊருக்கு ஃப்ளைட் வந்தா போதாதா, யார் ஓட்டினா என்ன?"ன்னு சிலர் கேட்கிறாங்க. போதாது! சின்ன ஊர்ப் பயணியின் உயிர் மலிவு இல்லை.

எந்த நிறுவனம் இணைந்தாலும் பிரிந்தாலும் நம் கோரிக்கை ஒன்றுதான்: சம வேலைக்குச் சம ஊதியம், முழு ஓய்வு. டிக்கெட்டில் யார் பெயரோ, பொறுப்பும் அவர்களுக்கே!

சரின்னு பட்டா பகிருங்க.

#சமவேலைக்குச்_சமஊதியம்