எலும்பு தெரிகிற உடம்புக்கு எப்படிச் சர்க்கரை?

விடியுமுன் வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் நின்று பாருங்கள் தோழர்களே. நிலக்கோட்டைப் பக்கம் பூவெடுக்க ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துப் போகும் பெண்களில் எத்தனை பேருக்குத் தொப்பை இருக்கிறது? அவர்களில் ஒருவர் எங்கள் தெரு அக்கா. எடை 45 கிலோ. இரண்டு வருடம் முன்பு ஒரு மருத்துவ முகாமில், "இந்த உடம்புக்கு எங்கம்மா சுகர் வரப்போகுது? நல்லா சாப்பிடு" என்று அனுப்பிவிட்டார்கள். ரத்தம் எடுக்கவே இல்லை. போன தை மாதம் காலில் குத்திய முள்ளின் புண் ஆறவில்லை. மதுரைக்குக் கூட்டிப்போய்ப் பார்த்தால் சர்க்கரை 380. ஒரு விரலை எடுத்துவிட்டார்கள்.

தெரியாமல் நடந்த தவறா இது? புனே மருத்துவர் யாஜ்னிக், 2004இல் லான்செட் இதழில் தன்னையும் இங்கிலாந்து மருத்துவர் யுட்கினையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டினார். இருவருக்கும் உடல் எடைக் குறியீடு ஒன்றே, 22.3. உடம்பிலுள்ள கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. புனே பக்கத்துக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தில் 3.5. நம் குழந்தைக்குக் குறைந்தது பெரும்பாலும் தசை. கொழுப்பு அந்த அளவு குறையவில்லை. சர்க்கரையை எரிக்கும் அடுப்பே தசைதான்.

இந்த உடல்வாகு எல்லாச் சாதியிலும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கர்ப்பத்தோடு நாற்று நட்டுவிட்டுக் கூழைக் குடித்துப் படுத்தவர்கள் யாருடைய பாட்டிகள்?

இன்னொரு வகை நேரடியாகப் பட்டினியின் நோய். வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் நெடுங்காலம் ஆராய்ந்தது. எடைக் குறியீடு 18.5க்கும் கீழே, இன்சுலின் சுரப்பு மிகக் குறைவு. ஊட்டக்குறைவால் வரும் இந்நோயை உலக சுகாதார நிறுவனம் 1985இல் பட்டியலில் சேர்த்து, 1999இல் நீக்கியது. 2025இல்தான் சர்வதேச நீரிழிவு கூட்டமைப்பு 'ஐந்தாம் வகை' என்று ஏற்றது. பணக்காரன் நோயாக இருந்தால் இத்தனை வருடம் பெயரில்லாமல் கிடந்திருக்குமா?

இதற்கும் 'வாழ்க்கைமுறை நோய்' என்று பெயர் வைத்து, நடைப்பயிற்சி போகச் சொல்கிறார்கள். நாள் முழுக்கக் குனிந்து நிற்பவரிடம்! ரேஷனில் அரிசி இலவசம், நல்லது. துவரம்பருப்பு கார்டுக்கு ஒரு கிலோ. அதை ஐந்து பேருக்கு முப்பது நாளுக்குப் பங்கு வையுங்கள். மலிவாகக் கிடைத்த புரதம் மாட்டுக்கறி. அதைத் தின்றதற்குத்தான் ஊரே நம்மை இழிவு பேசியது.

மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது, வரவேற்கிறேன். ஆனால் நோய் கண்டுபிடிக்கப்பட்டவருக்குத்தானே மாத்திரை? அடுத்த முகாம் உங்கள் காலனிக்கு வரும்போது இன்ச் டேப்போடு போங்கள். பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர், ஆணுக்கு 90 தாண்டிய இடுப்பு ஒல்லி உடம்பிலும் ஆபத்துதான். டேப் என்ன சொன்னாலும் சரி, 30 வயதைக் கடந்த எல்லோருக்கும் ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். எடை மெஷினைக் காட்டி அனுப்பப் பார்த்தால் நகராதீர்கள்.

அக்காவின் மகளுக்கு இது ஆறாவது மாதம். எடை 43 கிலோ. அவளும் பூவெடுக்கப் போகிறாள்.