ரத்தம் கொடுக்குமுன்

அரூரிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: "மார்பகப் புற்றுநோய்க்கு வைத்தியம் நடக்கிறது. மரபணுப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். விஷயம் வெளியே தெரிந்தால் என் பெண்ணின் கல்யாணம் என்னாவது?"

முடிவை யாரிடம் சொல்வது என்பது உங்கள் இஷ்டம், அம்மா. இந்த நோய் பரம்பரையாக வருவது நூற்றில் ஐந்து, பத்துப் பேருக்குத்தான். 1994-ல் பிரித்தறியப்பட்ட பி.ஆர்.சி.ஏ.1 மரபணுவில் பழுதிருந்தால், பிள்ளையோ பெண்ணோ, ஒவ்வொரு குழந்தைக்கும் அது சேரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தகப்பனார் வழியாகவும் வரும்! (தாய்வழியை மட்டும் பழிப்பவர்கள் கவனிக்க.) முதலில் சோதிக்க வேண்டியது நோய் கண்ட உங்களைத்தான். பெண் வயது வந்தபின் தானே தீர்மானிக்கட்டும். 'நிச்சயமாகச் சொல்வதற்கில்லை' என்று முடிவு வருவதும் உண்டு. அப்போது என்ன செய்வதென்று டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். அடையாறு புற்றுநோய் நிலையத்தில் இதற்கென ஆலோசனை உண்டு. போகும்போது, உங்கள் தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் யாருக்கு, எந்த வயதில், என்ன புற்றுநோய் என்று எழுதி எடுத்துப் போங்கள்.