ஆணவம் எங்கே நிற்கிறது?

உளத்தூய்மை, அகந்தை ஒழிப்பு, சரணாகதி என்னும் சொற்கள் நம் மேடைகளில் மலிந்துவிட்டன. பிழைப்பை நாடி வடபுலம் வந்து குடியேறிய நாம், விடுமுறை நாள்களில் சமயச் சொற்பொழிவு கேட்கிறோம், திருமுறை ஓதுகிறோம், அன்னதானத்திற்குப் பொருள் தருகிறோம். இவையெல்லாம் நல்லனவே. ஆயினும், இவற்றால் நம் ஆணவம் எள்ளளவேனும் தேய்ந்ததா என்று வினவினால், விடை கூற நா எழவில்லை.

மேடையில் 'அடியேன்' என்று தொடங்குபவரே, அழைப்பிதழில் தம் பெயர் பின்னே அச்சாயிற்று என்று சினந்து நன்கொடையைத் திருப்பிக் கேட்கிறார். சலவைக்கல்லில் எவர் பெயர் முதலில் என்னும் பூசலால் வழிபாட்டு மன்றம் ஒன்று இரண்டாகப் பிளந்ததையும் கண்டோம். பிறரைப் பழிப்பானேன்? முன்வரிசையில் இடம் கிடைக்கவில்லை என்பதற்காக விழாவிலிருந்து இடையில் எழுந்து வந்த குற்றம் நமக்கும் உண்டு. அன்றைய சொற்பொழிவின் பொருள் அடக்கமுடைமை!

ஆணவத்தைச் செம்பில் படிந்த களிம்புக்கு ஒப்பிடும் சைவ சித்தாந்தம். வெளியிலிருந்து வந்து ஒட்டியதன்று. உயிரோடு உடன் உள்ளது என்பது கருத்து. உமாபதி சிவம் திருவருட்பயனில் இன்னும் நுட்பமாகக் கூறுகிறார். இருள் பிற பொருள்களை மறைத்தாலும் தன்னைக் காட்டும். ஆணவமோ தன்னையும் காட்டாது. ஆதலின், 'எனக்கு ஆணவமில்லை' என்று உரைப்பவனிடமே அது நன்றாக ஒளிந்திருக்கிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் சகலாகம பண்டிதர் என்று போற்றப்பெற்ற முதியவர், தம் மாணாக்கர்கள் இளஞ்சிறுவராகிய மெய்கண்டாரிடம் பாடம் கேட்பதறிந்து வெகுண்டு, திருவெண்ணெய்நல்லூர் சென்றார். 'ஆணவத்தின் வடிவம் யாது?' என்று நின்றபடியே வினவினார். மெய்கண்டார் வாய் திறவாது, நின்ற அவரையே சுட்டிக்காட்டினார் என்பது வரலாறு. அக்கணமே அம்முதியவர் அச்சிறுவரின் அடியில் வீழ்ந்தார். அவரே சிவஞான சித்தியார் அருளிய அருணந்தி சிவாசாரியார்.

'அலுவலகத்தில் பகலெல்லாம் பணிந்து கோப்பு எழுதும் நமக்கு ஆணவம் ஏது?' என்பார் சிலர். மேலதிகாரிமுன் வளைவது அச்சம், அடக்கமன்று. அங்கே அடக்கிய 'நான்' மாலையில் வீடு திரும்பியதும் மனைவிமீதும் மக்கள்மீதும் சீறிப் பாய்கிறது. 'சரணாகதி அடிமைப் புத்தி' என்பாரும் உளர். இறைவனுக்கு ஆட்பட்ட அப்பரடிகள் பல்லவ மன்னன் ஆணைக்குப் பணிய மறுத்ததைப் பெரியபுராணம் பகர்கிறது. அவரே கையில் உழவாரம் ஏந்திக் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கினார். தன்னை ஈந்தவனுக்கு அச்சமுமில்லை. எந்தப் பணியும் இழிவுமில்லை.

எனவே நம் சோதனைக்களம் இமயக் குகையன்று, நம் கூடமே. பள்ளியில் பயிலும் மகள் நம் பிழையொன்றைச் சுட்டும்பொழுது, 'நீ சொல்வதே சரியம்மா' என்று நம்மால் கூற இயலுமா? இயலாதெனின், நாம் ஓதும் திருமுறை அவள் செவியில் வெற்றொலியே. நாற்காலிக்குச் சண்டையிடும் பெரியோரைக் கண்டே நம் பிள்ளைகள் விழாக்களைவிட்டு விலகுகின்றனர். மொழி அந்நியமானதால் மட்டும் அன்று.

அடுத்த விழாவில் நாற்காலி தேடாது, பந்தியில் இலை போடச் செல்வோம். எச்சில் இலை எடுக்கவும் கூசாதிருப்போம். களிம்பு அங்கேதான் சிறிது கழலும்.