டயரின் விலையை யார் கொடுப்பது?

மொபெட்டும் பழைய மோட்டார் சைக்கிளும் இன்று உழைப்பாளி வீட்டில் ஆடம்பரச் சாமான்கள் அல்ல. இரவு ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் ஆலைத் தொழிலாளிக்கும், பல ஊர் தாண்டி நடவுக்கும் அறுப்புக்கும் போகும் விவசாயத் தொழிலாளிக்கும் அவை அரிவாளையும் மண்வெட்டியையும் போன்ற கருவிகள். அந்தக் கருவிக்கு இரண்டு டயரும் டியூபும் மாற்றுவதென்றால் ஐந்தாறு நாள் கூலி கரைந்துவிடுகிறது. ஆகவே, அடுத்த சம்பளத்துக்கு ஆகட்டும், தீபாவளி போனஸுக்கு ஆகட்டும் என்று காரியம் தள்ளிப்போகிறது. அதற்குள் மழை பிடித்துக்கொள்கிறது. பட்டன் தேய்ந்த டயர் ஈரத் தார் ரோட்டில் வழுக்குகிறது.

"நாலு கடை ஏறி விசாரித்து வாங்கு" என்று புத்தி சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. விசாரிக்க வேண்டியதுதான். ஆனால் விலையை மட்டும் விசாரித்துவிட்டு வந்தால் ஏமாந்துதான் போவோம். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், பின் இரண்டு இலக்கம் வருஷம். 3424 என்றிருந்தால் 2024ஆம் வருஷத்தின் 34ஆவது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம். "உங்களுக்காக விலையைக் குறைத்துத் தருகிறேன்" என்று கடைக்காரர் எடுத்துப் போடுவது, வருஷக்கணக்கில் பரணில் கிடந்த சரக்காக இருக்கலாம். ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் இறுகும், வெடிப்பு விடும். இன்னொரு தில்லுமுல்லும் உண்டு: தேய்ந்த டயரில் சூட்டுக்கத்தியால் புதிதாகக் கோடு கீறி, கறுப்புப் பூசி, பாதி விலைக்கு விற்பது. கோடு ஆழமாகத் தெரியும். அதன் அடியில் ரப்பர் இருக்காது. உயிருக்கு உலை வைக்கும் இந்த மலிவைத் தொடவே கூடாது.

பில் கேட்டு வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் மோட்டார் சைக்கிள் டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்திலிருந்து 18 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. பில் இல்லாவிட்டால் அந்தக் குறைப்பு நம் கைக்கு வந்ததா, வேறு யார் பைக்குப் போயிற்றா என்று கேட்க வழியில்லை.

காசில்லாத வைத்தியமும் ஒன்று உண்டு. பதினைந்து நாளுக்கு ஒரு முறை காற்றுப் பாருங்கள். வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன் பார்க்க வேண்டும். ஓடி வந்த சூட்டில் அளவு கூடுதலாகக் காட்டும். காற்றுக் குறைந்தால் டயரின் இரு ஓரமும் தேயும், அதிகமானால் நடு தேயும். டயரே வியாதியைச் சொல்லிவிடும்.

இவ்வளவும் செய்யலாம். ஆனால் நாலு கடையிலும் ஒரே விலை என்றால்? விலையைத் தீர்மானிப்பவர் கடைக்காரரா? ஐந்து பெரிய டயர் கம்பெனிகளும் அவற்றின் சங்கமும் 2011–12இல் தங்களுக்குள் விலை விவரங்களைப் பரிமாறிக்கொண்டு லாரி, பஸ் டயர்களின் விலையைக் கூட்டாக உயர்த்தின என்று இந்தியப் போட்டி ஆணையம் 2018இல் தீர்ப்பளித்தது. அபராதம் ரூ. 1,788 கோடி! வழக்குகளால் தடைப்பட்டு, 2022 பிப்ரவரியில்தான் அந்தத் தீர்ப்பு வெளியே வந்தது. அதே வருஷம் டிசம்பரில், மறுபடி பரிசீலிக்கும்படி மேல்முறையீட்டு மன்றம் அதை ஆணையத்துக்கே திருப்பி அனுப்பியது. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் நமக்குக் கூலி அன்றைக்கே பிடித்தம். கோடிகளின் கணக்குக்கோ வருஷக்கணக்கில் வாய்தா!

ரப்பர் விலை ஏறியதால் டயர் விலை ஏறியது என்பார்கள். சரி, 2011இல் கிலோ 200 ரூபாய்க்கு மேல் விற்ற ரப்பர் 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே விழுந்ததே, டயர் பாதி விலைக்கா வந்தது? கன்னியாகுமரி மாவட்டத்தில் விடியுமுன் எழுந்து பால் வெட்டும் தொழிலாளியும் அந்த டயரை நாம் வாங்கும் விலைக்குத்தான் வாங்குகிறார்.

வேலைக்குப் போகும் வழி வேலையில் சேராது என்று முதலாளிகள் வாதிடலாம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010இல் சேர்த்த 51-இ பிரிவே, வீட்டுக்கும் ஆலைக்கும் இடையே நடக்கும் விபத்தும், வேலையோடு அதற்குத் தொடர்பு இருந்தால், வேலையில் நேர்ந்த காயம்தான் என்று சொன்னது. வேலைக்குப் போகும் வழியில் இறந்த ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளியின் வழக்கில், இழப்பீட்டுச் சட்டத்துக்கும் இந்த நியாயம் பொருந்தும் என்று 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. செத்த பிறகு வழியும் வேலைதான் என்றால், உயிரோடு இருக்கும்போது அந்த வழிக்கான டயர் மட்டும் ஏன் தொழிலாளியின் தனிச் செலவாக இருக்க வேண்டும்? அடுத்த கூலி ஒப்பந்தப் பேச்சில் போக்குவரத்துப் படி என்ற கோரிக்கையைச் சங்கங்கள் முதல் வரியிலேயே எழுத வேண்டும்.

வயலுக்குப் போகும் பெண்களை லோடு வண்டியில் அடைத்துக் கொண்டுபோகிறார்களே, அவர்களுக்கும் ஒரு வார்த்தை. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்ட விரோதம். கவிழ்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும். நஷ்டஈட்டுக்குக் கோர்ட்டு வாசலில் அலைய வேண்டும். ஆள் ஏற்றும் வண்டியை அனுப்பும்படி மேஸ்திரியிடம் கூட்டமாகக் கேளுங்கள். அந்த வண்டி வந்தாலும் ஏறுமுன் நாலு டயரையும் குனிந்து பாருங்கள். வழுக்கையாக இருந்தால் ஒருவரும் ஏறாதீர்கள். களை பறிப்பு அரை மணி தாமதமாகட்டும்.