செத்தவீட்டுக்குப் போகும் கமரா



இப்போதெல்லாம் யாழ்ப்பாணத்தில் ஒரு செத்தவீடு என்றால், ஐயருக்கும் பந்தல்காரருக்கும் பறைமேளத்துக்கும் சொல்லி அனுப்பும் கையோடு ‘லைவ்’ போடுகிற பொடியனுக்கும் சொல்லியாகிறது. பிள்ளைகள் ரொறன்ரோவில், இலண்டனில், பாரிஸில். இங்கே காலை பத்து மணிக்குக் கிரியை தொடங்கினால், கோடைகாலத்து ரொறன்ரோவில் நள்ளிரவு 12.30. சுடலைக்குப் போகாத வழக்கத்தால் வீட்டோடு நின்றுவிடும் பெண்களும் கொள்ளி வைப்பதை அதே நேரலையில்தான் பார்க்கிறார்கள். அந்தியேட்டி முடிந்து மாசங்கள் கழித்து, யாரோ ஒருவர் கையில் வீடியோக் கசெற் போய்ச் சேர்ந்த காலத்தை நினைத்தால், இது சின்ன விசயமில்லை.

இந்த நேரலை வேலைக்கு என்ன சாமான் வாங்கலாம் என்று இளையவர்கள் கேட்கும்போது முதற் கேள்வி கமராவைப் பற்றித்தான் இருக்கும். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். பார்ப்பவர் உள்ளங்கை அகலத் திரையில் பார்க்கிறார். ஓரளவு நல்ல கைபேசியும் ஆடாத முக்காலியும் போதும். காசைச் சத்தத்தில் போடுங்கள். பறை முழங்கும்போது கைபேசி தானாகவே ஒலியைத் தாழ்த்திக்கொள்ளும். பறை ஓய்ந்து சுண்ணம் இடிக்கத் தொடங்கினால், திருப்பொற்சுண்ணம் பாடுகிறவரின் முதலடிகள் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோலக் கேட்கும். பாடுகிறவரின் சால்வையில் குத்த ஒரு கம்பியில்லா மைக் வேண்டும். ஒலியளவைக் கையால் தாழ்த்தி வைக்க வசதி இருக்கவேண்டும். சோளகக் காற்றுக்கு மைக்கின் மேல் பஞ்சுறை இல்லாவிட்டால் இரைச்சல் மட்டுமே மிஞ்சும்.

அடுத்தது சிக்னல். 720பி தரத்துக்கு விநாடிக்கு 3 மெகாபிட் அனுப்பினாலே ஒரு மணித்தியாலத்துக்கு 1.35 ஜிபி போய்விடும். முற்றத்தில் சனம் கூடினால் ஒரே கம்பனி சிம் போட்ட கைபேசியெல்லாம் ஒரே கோபுரத்தைத்தான் பிடிக்கும். அதனால் இரண்டு கம்பனிகளின் சிம் வைத்திருங்கள். வேகத்தை வீட்டில் மட்டும் பார்த்தால் போதாது. சுடலையிலும் பாருங்கள், அதுவும் அனுப்பும் வேகத்தை. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் செய்மதி இணையம் இலங்கைக்கு வந்தபின் அதன் தட்டைப் பற்றியும் கேட்கிறார்கள். வேம்பும் மாவும் கவிந்த முற்றத்தில் அதற்கு வானம் தெரியாது. பாடையோடு அதைத் தூக்கிக்கொண்டு நடக்கவும் முடியாது.

20,000 எம்ஏஎச் பவர் பாங்க் ஒன்று பையில் கிடக்கட்டும். ஆனால் மதிய வெயிலில் சார்ஜ் ஏறிக்கொண்டே நேரலை ஓடினால் கைபேசி சூடேறி நின்றுவிடும். அதற்கு மருந்து குடைதான். கறுப்புக் குடை வேண்டாம்.

புதிதாகத் தொடங்கிய யூரியூப் கணக்கில் நேரலை வசதி திறக்க 24 மணித்தியாலம் வரை செல்லலாம். சாவு அவ்வளவு நேரம் காத்திராது. கணக்கை இன்றைக்கே தயார்ப்படுத்தி வையுங்கள். இணைப்பு தெரிந்தவர்கள் மட்டும் பார்க்கும்படி ‘அன்லிஸ்டட்’ என்று போடவும் மறக்கவேண்டாம். தலைவிரி கோலமாய் அழும் ஒரு தாயை ஊர் உலகமெல்லாம் பார்க்கத் தேவையில்லை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கணக்குச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

இந்த வேலையில் இருப்பவர்களே, உங்கள் பையில் என்னென்ன வைத்திருக்கிறீர்கள், எது காலை வாரியது என்று எழுதுங்கள். அடுத்த இதழில் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்