மட்டாஞ்சேரியிலிருந்து மீரியபெத்தவுக்கு

மலைநாட்டிலிருந்து ஆண்டுதோறும் சபரிமலைக்குச் செல்லும் கோஷ்டிகளைப் பற்றி வாசகர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கார்த்திகை பிறந்ததும் பதுளை, பண்டாரவளைப் பகுதித் தோட்டங்களிலே கறுப்பு வேட்டியும் துளசிமாலையும் தோன்றிவிடும். மார்கழிக் குளிரில், விடியற்காலைச் சரணகோஷம் லயங்களின் தகரக் கூரைகளைத் தாண்டி ஒலிக்கும். 2025ஆம் ஆண்டுத் தை மாதத்தில் அத்தகைய கோஷ்டி ஒன்றோடு அடியேனும் சென்று வந்தேன். என் வகுப்பு மாணவர் இருவரும் மாலையணிந்து உடன் வந்தனர். எங்கள் குருசாமி, ஓய்வுபெற்ற தோட்டக் கணக்கப்பிள்ளை. ஒரு காசும் கணக்குத் தவறாத மனிதர்.

தரிசனம் முடிந்து மலையிறங்கிக் கொச்சி நகரம் வந்து சேர்ந்தபோது, விமானம் ஏற இன்னும் ஒரு நாள் மிச்சமிருந்தது. சேலைக்கடைக்குப் போகலாம் என்றார் ஒருவர். கடற்கரைக்குப் போகலாம் என்றார் மற்றொருவர். குருசாமி மட்டும், “இங்கே யூதர்களுடைய பழைய கோயில் ஒன்று இருக்கிறதாம். மாஸ்டர் சாமி சரித்திரம் படித்தவர், நமக்கு விளக்கிச் சொல்லட்டும்” என்றார். மறுப்பேது? கறுப்பு வேட்டிக் கூட்டமொன்று மட்டாஞ்சேரியின் யூதத் தெருவிலே நுழைந்தது.

அந்த ஜெபாலயம் 1568ஆம் ஆண்டில் எழுந்தது. கொச்சி அரசரின் அரண்மனையும், அவர் வழிபட்ட பழையன்னூர் பகவதி கோயிலும் அதை ஒட்டியே இருக்கின்றன. கோயில் மணியோசை கேட்கும் தொலைவிலே வேற்றுச் சமயத்தாருக்கு நிலம் தந்த அரசனை என்னென்பது! வாயிலிலே பாதரட்சையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே செல்ல வேண்டும். வெறுங்காலோடு வழிபாட்டிடம் புகுவது கேரளத்து யூதர்களின் பழைய வழக்கம். எங்கள் கோஷ்டிக்கோ கழற்றுவதற்குச் செருப்பே இல்லை. காவலர் எங்கள் கால்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு வழிவிட்டார். தரையெங்கும் நீலமும் வெள்ளையுமாகச் சீனத்து ஓடுகள். 18ஆம் நூற்றாண்டில் கையால் எழுதப்பட்டவை. மேலே கண்ணாடி விளக்குகள் சரஞ்சரமாகத் தொங்குகின்றன. வெளியே 1760இல் கட்டப்பட்ட மணிக்கூண்டு. 1968இல் இந்த ஆலயத்தின் நானூறாவது ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் வந்திருந்தார்; இந்திய அரசு ஒரு தபால் முத்திரையும் வெளியிட்டது.

தமிழ் படித்தவனுக்கு அங்கே எல்லாவற்றிலும் மேலான பொருள் ஒரு செப்பேடு. கி.பி. 1000ஐ ஒட்டிய காலத்தில், சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யோசேப்பு இரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு வழங்கிய பட்டயம் அது. பொறித்திருப்பது வட்டெழுத்தில். நம் சங்கப் புலவர்கள் பாடிய முசிறித் துறைதான் அதிலே முயிரிக்கோடு எனப்படுகிறது. எழுபத்திரண்டு உரிமைகள்! பகல் விளக்கு, நடக்கப் பாவாடை, குடை, பறை, காகளம், தோரணம் என்று நீளுகிறது பட்டியல். கடல் கடந்து வந்தவர்களுக்குப் பகலிலும் விளக்குப் பிடிக்கும் மரியாதையை ஒரு மன்னன் செப்பிலே வெட்டிக் கொடுத்தான். நானும் என் மாணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கடல் கடந்து வந்த நம்முடைய பாட்டனாருக்குக் கிடைத்த பத்திரம், பற்றுச்சீட்டும் செக்ரோல் இலக்கமுந்தானே!

இங்கே ஒன்றை மறைக்கலாகாது. இந்த ஆலயத்துக்குப் ‘பரதேசி’ ஜெபாலயம் என்று பெயர். பின்னாளில் ஸ்பெயின் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்களுடையது என்பது பொருள். அவர்கள், தமக்கு முன்பே பல நூற்றாண்டு வாழ்ந்த மலபார் யூதர்களைச் சமமாக ஏற்கவில்லை. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தோரை ஆலயத்துள்ளே சரியாசனம் தந்து அமர்த்தவுமில்லை. அந்தக் குலத்திலே பிறந்து வக்கீலான ஆபிரகாம் பாராக் சேலம் (1882–1967) என்பவர், காந்தியடிகளின் வழியைப் பின்பற்றி, ஆலயத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்து அவ்வழக்கத்தை எதிர்த்தார். நெடுங்காலம் சென்றபின் அது தளர்ந்தது. துன்பப்பட்ட ஜாதியார் என்பதனாலேயே ஒருவர் பிறரைத் துன்புறுத்தாதவர் ஆகிவிடுவதில்லை. தோட்டத்து லயங்களிலே வாசலும் குழாயடியும் ஜாதி பார்த்துப் பிரிந்திருந்ததைக் கண்ட நமக்கு இது புதுமையுமன்று.

1950களில் கேரளத்து யூதர்களிற் பெரும்பாலோர் இஸ்ரவேல் நாட்டுக்குக் குடிபெயர்ந்தனர். யாரும் அவர்களைத் துரத்தவில்லை. தம் பிரார்த்தனையில் நாளும் நினைத்த நாடு என்று தாமாகவே கப்பலேறினர். மட்டாஞ்சேரியிலேயே இருந்த கடவும்பாகம் ஜெபாலயத்தின் மரவேலைப்பாடுகள் பின்னர் பெயர்க்கப்பட்டு, இன்று ஜெருசலேம் நகரக் காட்சிச்சாலையிலே பொருத்தப்பட்டுள்ளன. யூதத் தெருவிலே தைத்த துணிகள் விற்று வந்த சாரா கோஹன் அம்மையார் 2019இல் தமது 96ஆம் வயதில் காலமானார். தொழுகை நடத்தப் பத்து ஆடவர் கூட வேண்டும் என்பது அவர்கள் விதி. அப்பத்துப் பேரை ஊருக்குள்ளே தேட இன்று வழியில்லை.

அந்தத் தெருவின் பூட்டிய கதவுகளைப் பார்த்தபோது எனக்கு என் பெரியப்பாவின் லயக்காம்பரா நினைவுக்கு வந்தது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா ஏற்பதென்று இரு பிரதமர்களும் கையெழுத்திட்டார்கள். பெரியப்பா குடும்பம் அந்தக் கணக்கிலே விழுந்தது. தலைமன்னார்க் கப்பலேறி நீலகிரிக்குப் போனார்கள். கொச்சி யூதர் போனதும் இவர்கள் போனதும் ஒன்றல்ல. இவர்களைக் கேட்டவர் யார்?

மாலையில் விமான நிலையம் நோக்கிப் போகும் வழியில் சேந்தமங்கலம் என்னும் ஊரிலே வண்டியை நிறுத்தினோம். கோயிலும் பள்ளிவாசலும் மாதாகோயிலும் ஜெபாலயமும் ஒரு மைல் தூரத்துக்குள் அமைந்த அழகிய கிராமம் அது. ஜெபாலயம் இப்போது காட்சிச்சாலை. அதன் முன்றிலில் ஒரு கல் நிற்கிறது. 1269ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்லறைக் கல். இந்தியாவிலே கிடைத்த எபிரேய எழுத்துகளுள் மிகப் பழையது என்று சொல்லுவர். எழுநூற்றைம்பது ஆண்டுக்கு முன் இறந்துபோன, இஸ்ரவேல் என்பாரின் மகள் சாரா என்ற பெண்ணின் பெயரை அது சொல்லுகிறது. அவள் அரசியல்லள். அவள் யார், எப்படி வாழ்ந்தாள் என்பதெல்லாம் கல்லில் இல்லை. பெயர் இருக்கிறது.

என் மாணவன், பதினோராம் வகுப்புப் பையன், அந்தக் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தான். பிறகு கேட்டான்: “சேர், மீரியபெத்தவில செத்தவங்க பேர் எல்லாம் உங்களுக்குத் தெரியுமா?”

மீரியபெத்தவை அறியாத வாசகர் இரார். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி, காலை ஏழரை மணியளவில், கொஸ்லாந்தைக்கு மேலேயுள்ள அந்தத் தோட்டத்தின்மீது மலை சரிந்தது. லயங்கள் மண்ணுக்குள் போயின. பள்ளிக்கூடம் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் தப்பினர். திரும்பி வந்தபோது பலருக்கு வீடும் இல்லை, தாய் தந்தையரும் இல்லை. முதல் நாள் முந்நூறு பேர் என்றது செய்தி. அடுத்த நாள் நூறு என்றது. பின்னர் அதுவும் குறைந்தது. ஒரு தோட்டத்தில் எத்தனை உயிர் இருந்தது என்பதே உலகத்துக்குத் தெரியாதிருந்தது! அந்த இடம் அபாயமானது, மக்களை வேறிடத்தில் குடியேற்ற வேண்டும் என்று 2005ஆம் ஆண்டிலும் பின்னரும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது.

பையனின் கேள்வி என்னைச் சுட்டதற்கு வேறொரு காரணம் உண்டு. அந்த நாட்களில் நான் சில மாணவரோடு அரிசியும் பாயும் கொண்டு, இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த முகாமொன்றுக்குப் போனேன். என் கையெழுத்துத் தெளிவானது என்று சொல்லி ஒரு கொப்பியை என்னிடம் கொடுத்தார்கள். குடும்பங்களை வரிசையாக நிறுத்தி எழுதிக்கொண்டே போனேன்: ஆண் 2, பெண் 1, பிள்ளை 2, காணாதவர் 1. பள்ளிச் சீருடையோடு ஒரு சிறுமி வந்து நின்றாள். “யாரம்மா காணோம்?” என்றேன். “அம்மா” என்றாள். ‘1’ என்று எழுதிவிட்டு, “அடுத்த ஆள்” என்றேன். அந்தத் தாயின் பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. அரிசி பங்கிடுவதற்கு இலக்கம் போதும்; உண்மைதான். ஆனாலும் அதன்பின் பத்தாண்டுகளில் ஐந்து முறை மாணவரை ஏற்றிக்கொண்டு அதே வீதியால் தியலும நீர்வீழ்ச்சிக்குச் சுற்றுலா போயிருக்கிறேன். 720 அடி உயரம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவையேனும் மீரியபெத்தவுக்கு வண்டியைத் திருப்பச் சொன்னதில்லை.

“தெரியாது” என்று பையனிடம் சொன்னேன்.

யூதர்கள் இவ்விஷயத்திலே கைக்கொள்ளும் முறைகள் சிந்திக்கத் தக்கவை. ஹிட்லரின் ஆட்சியில் அறுபது லட்சம் பேரை இழந்த ஜனங்கள் அவர்கள். இலக்கத்தைச் சொல்லி அழுவதோடு நின்றுவிடவில்லை. 1953இல் ஜெருசலேமிலே நிறுவப்பட்ட யாத் வஷேம் என்னும் ஞாபகாலயம், இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் என்று, உற்றார் உறவினரைக் கேட்டுக் கேட்டு நிரப்பி வருகிறது. 48 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் சேர்ந்துவிட்டன. 1988 முதல் பல நாட்டு மாணவர்கள் கோஷ்டியாகப் போலந்துக்குச் சென்று, அவுஷ்விட்ஸ் முகாமிலிருந்து பிர்க்கெனாவ் வரை மூன்று கிலோமீட்டர் தூரம் மௌனமாக நடக்கிறார்கள். ஜெர்மனியிலே குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் 1990களில் தொடங்கி, கொல்லப்பட்டவர் கடைசியாக வாழ்ந்த வீட்டு வாசலின் நடைபாதையில் உள்ளங்கையளவு பித்தளைத் தகடுகளைப் பதித்து வருகிறார். ஒரு தகட்டுக்கு ஒரு பெயர். 2023இல் அவை ஒரு லட்சத்தை எட்டின. கல்லறைக்குப் போகும் யூதர் பூ வைப்பதில்லை. ஒரு சிறு கல்லை வைத்துவிட்டு வருவர். வந்து போனதற்கு அது சாட்சி.

இத்தகைய பிரயாணங்களெல்லாம் குறையற்றவை என்று நான் சொல்ல வரவில்லை. மரண முகாமின் வாசலிலே சிரித்தபடி படமெடுத்துக்கொள்ளுகிற பயணிகளும் உண்டு. நம்மவரும் அதற்குச் சளைத்தவரல்லர். மண் சரிந்த சில நாட்களிலேயே மீரியபெத்தவுக்கு வான்களில் வந்து வேடிக்கை பார்த்தோரை நான் கண்டிருக்கிறேன். போகாமலிருப்பதிலும் கெட்டது அப்படிப் போவது. ஆயினும் 2023இல், மலையகத்தார் இந்நாட்டுக்கு வந்த இருநூறாம் ஆண்டின் நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் நடந்த பாதையிலே பதினாறு நாட்கள் நடந்தார்களே, அது வேறு வகை. வழியில் மாண்டவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. நடந்தவர்களின் கால்களேனும் அந்தத் தூரத்தை அறிந்தன.

ஊர் திரும்பி மாலை கழற்றியபின், மாசி மாதத்து வெயில் நாளொன்றில், பன்னிரண்டு மாணவரோடு புறப்பட்டேன். பெற்றோரிடம் கையெழுத்து வாங்கினேன். படம் பிடிக்கலாகாது, ஆளுக்கொரு பேனை, எல்லோருக்கும் ஒரு கொப்பி. அதுவே நிபந்தனை. சில பெற்றோர், “சாவு நடந்த இடத்துக்குப் பிள்ளைகளை ஏன் கூட்டிக்கொண்டு போகிறீர்கள், மாஸ்டர்?” என்று மனங்குறைப்பட்டார்கள். அந்தப் பயத்தை நான் தவறென்று சொல்ல மாட்டேன். (ஒன்பது மாதம் கழித்து, 2025 நவம்பரில் டித்வா புயல் வந்து, பதுளை மாவட்டத்திலே மீண்டும் மலைகள் சரிந்து மக்கள் மாண்டபோது, அதே பெற்றோரில் ஒருவர் என்னைத் தேடி வந்து நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.)

ஹப்புத்தளையைத் தாண்டிப் பெரகலைச் சந்தியில் வண்டி கீழே இறங்கிற்று. சரிந்த மலையின் வடு தூரத்திலேயே தெரிந்தது. புல்லும் புதரும் மூடினாலும் சுற்றியுள்ள பச்சையோடு அது சேரவில்லை. இருந்த இடத்தைக் காட்ட ஒரு முதியவர் வந்தார். “இங்க கோயில். இது வாசல். இங்கன லயம் ரெண்டு” என்று கோலை நீட்டிக் காட்டினார். பிள்ளைகள் பேசவில்லை. கற்பூரம் கொளுத்தினோம். சேந்தமங்கலத்துக் கல்லைச் சுற்றிய பையன் ஓடையருகே குனிந்து ஒரு கூழாங்கல்லை எடுத்துக் கற்பூரத்தின் பக்கத்தில் வைத்தான். முதியவர் ஏனென்று கேட்கவில்லை.

பிறகு பூனாகலைப் பக்கம் போனோம். உயிர் தப்பியோருக்கென அங்கே கட்டிய புதிய வீடுகள் 2016இல் கையளிக்கப்பட்டன. திண்ணையிலிருந்த ஒரு பாட்டி முதலில் எங்களை அரசாங்கத்து ஆட்கள் என்றெண்ணி, “எல்லாம் எழுதிக் குடுத்தாச்சு, மாஸ்டர்” என்றார். எண்ணிக்கை வேண்டாம், பெயர் மட்டும் போதும் என்று நான் சொன்னபோது சற்று நேரம் என்னையே பார்த்தார். உள்ளே போய்ப் பிளேன்டீ போட்டு வந்தார். அப்புறம் சொல்லத் தொடங்கினார். மருமகன், இரண்டு பேரப்பிள்ளைகள், எதிர்லயத்துக் கிழவனார், அவர் மனைவி. பையன் எழுதிக்கொண்டே வந்தான். சீருடைச் சிறுமியைப் பற்றியும் கேட்டேன். அப்படிப் பல பிள்ளைகள் இருந்தன என்றார்.

தம் மகளிடம் வந்தபோது பாட்டி நிறுத்திவிட்டார்.

“செக்ரோல்ல அவளுக்கு ஒரு பேரு. வீட்டுல நாங்க கூப்புடுறது வேற பேரு. எதத் தம்பி எழுதுவ?”

பையன் இரண்டையும் எழுதினான்.